முதுகுக்குச் சொன்னது

என் வேலையே ஊருக்குக் கேட்கப் பேசுவதுதான். பேருந்து நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது இன்றைக்கு வரவே வராது, எந்தக் குழந்தை அம்மாவைத் தொலைத்துவிட்டு என் மேஜையில் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்கிறவள் நான். நிலையத்தில் எனக்கு 'மைக்கு' என்றே பெயர் விழுந்துவிட்டது. டீ கொண்டுவருகிறவரிலிருந்து மேலாளர் வரைக்கும் "மைக்கம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

இப்படி ஊர் முழுக்கக் கேட்கிற குரல், என் வீட்டுக்காரர் காதில் மட்டும் விழாது. மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் அவருக்கு ஒரு பெரிய காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது சும்மா போகவில்லை, இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போனது. மனுஷன் சோபா பட்டறை வைத்திருக்கிறார். ஸ்பிரிங் கட்டுவது, ஃபோம் வெட்டுவது, துணியை இழுத்துப் பிடித்து ஆணி அடிப்பது. இதற்கெல்லாம் காது எதற்கு என்று உடம்பு தேறியதும் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். பட்டறைக்கு வேண்டாம் சரி, எனக்கு வேண்டாமா?

முதல் வருஷம் நான் கத்திப் பார்த்தேன். என்ன கத்து! பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எங்கள் வீட்டு விஷயமெல்லாம் மனப்பாடம் ஆனது, இவருக்கு ஒரு எழுத்து ஏறவில்லை. அப்புறம் மெல்ல மெல்ல என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொண்டார். அதிலும் ஒரு சங்கடம். "கத்தாதே. கத்தினா உன் வாய் கோணிக்குது, ஒண்ணும் புரியல" என்றார். அதனால் சத்தத்தைக் குறைத்தேன். குறைத்துக் குறைத்து, ஒரு நாள் பார்த்தால் சத்தமே இல்லை. உதடு மட்டும் அசைகிறது, அவருக்கு எல்லாம் புரிகிறது. நாள் முழுக்க மைக்கில் பேசிவிட்டு வருகிற தொண்டைக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. "அம்மாவை ம்யூட்ல போட்டாச்சு" என்று மகள் சிரிப்பாள்.

ஆனால் நான் கோபக்காரி. மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஜாதகம். கோபத்தைச் சத்தமில்லாமல் பட முடியுமா, சொல்லுங்கள்? அதற்கும் ஒரு வழி கிடைத்தது. எங்கள் வீட்டில் சாப்பிட்டதும் தட்டு கழுவுவது அவர் வேலை. ஜன்னலுக்குக் கீழே தொட்டி. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கழுவுவார். நான் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து, அன்றைக்குப் பாக்கியிருந்ததையெல்லாம் அந்த முதுகில் கொட்டுவேன். வாய்விட்டு, சத்தமாக.

முகத்துக்கு நேரே அவர் "என்னங்க". முதுகுக்கு "யோவ்".

"யோவ், உங்க அக்கா வந்து என் சமையலைக் குறை சொல்லிட்டுப் போறா, நீ கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கே. யோவ், மழை பெய்யுது, துணியை எடுக்கத் தோணுச்சா உனக்கு?" இப்படித்தான் ஆரம்பிக்கும். திட்டித் தீர்ந்த பிறகு உள்ளே கிடக்கிற மற்றதெல்லாம் வரும். "யோவ், அந்த நீலச் சட்டையில நீ நல்லாத்தான்யா இருக்கே." "யோவ், இன்னைக்கு ஒரு பொண்டாட்டி புருஷன் காதுல என்னமோ சொன்னா, அவன் அப்படிச் சிரிச்சான். என்னால வேலை பார்க்க முடியல தெரியுமா?" கடைசியில் எல்லா நாளும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "ஒரு தடவை திரும்பிப் பாரேன்யா."

திரும்ப மாட்டார். எப்படித் திரும்புவார், பாவம். ஒரே தட்டைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துக்கொண்டிருப்பார். அவர் தேய்க்கிற தேய்ப்பில் எங்கள் வீட்டுத் தட்டுகளில் பூப்போட்ட டிசைன் எல்லாம் அழிந்துபோயிருந்தது.

காதில் கருவி பதிக்கிற ஆபரேஷன் இருக்கிறது என்று மகள் எத்தனையோ முறை சொன்னாள். என் நாத்தனாரும், அதாவது அவருடைய அக்காவும், தலைகீழாக நின்று பார்த்தாள். "என் மண்டையில எவனும் ஓட்டை போட வேண்டாம்" என்று ஒரே பிடிவாதம். மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு ஒரு விடுமுறை நாள் காலையில், டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவராகவே ஆரம்பித்தார்.

"அந்த ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

என்ன திடீர் ஞானோதயம் என்று உதட்டால் கேட்டேன்.

"கனவுல நீ வந்தே. பேசிட்டே இருக்கே. ஆனா கனவுலயும் உன் வாய்தான் அசையுது, சத்தம் வரல." டீயைக் கீழே வைத்தார். "முன்னெல்லாம் கனவுல வரும். உன் குரல் எப்படி இருக்கும்னு உட்கார்ந்து யோசிச்சுப் பார்த்தேன். வரமாட்டேங்குது. மறந்துட்டேம்மா. அதான் பயமா இருக்கு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் அவருக்குக் காது கேட்கவில்லை என்று அழுதிருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் கேட்டதெல்லாம் அவரிடம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் இல்லை என்றால் இந்த மனுஷனுக்குள் நான் எங்கேதான் இருக்கிறேன்?

டாக்டர் படம் போட்டு விளக்கினார். "காதுக்குள்ள நத்தை ஓடு மாதிரி ஒண்ணு இருக்கும்மா. அதுக்குள்ள மெல்லிசா ஒரு கம்பியைப் பதிக்கறோம். காதுக்குப் பின்னாடி, தோலுக்கு அடியில சின்னதா ஒரு காந்தம். வெளியில மாட்டற மெஷின் அதுல போய் ஒட்டிக்கும். சத்தத்தை அது வாங்கிக் கம்பிக்குக் கொடுக்கும், கம்பி நரம்புக்குக் கொடுக்கும்."

"காந்தமா!" என்று கூட வந்திருந்த நாத்தனார் எழுந்துவிட்டாள். "டாக்டர், என் தம்பி ஆணியும் கையுமா இருக்கறவன். பட்டறையில இருக்கற ஆணியெல்லாம் வந்து அவன் தலையில ஒட்டிக்காதா?"

டாக்டர் நல்லவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, எல்லாம் ஒட்டாது, ஒன்றிரண்டு ஒட்டினாலும் தட்டிவிட்டால் போய்விடும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கம்பியைப் பதிக்கறது என் வேலை. காலையில ஆரம்பிச்சா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும். குரலைப் பதிக்கறது உங்க வேலை. அதுக்கு எத்தனை நாள்னு கேட்டீங்கன்னா என்கிட்ட பதில் இல்லை."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு அந்தச் சொல்லின் மேலேயே நினைப்பு. பதிக்கிறது. மோதிரத்தில் கல் பதிக்கிறார்கள். சமையலறைச் சுவரில் டைல்ஸ் பதிக்கிறார்கள். பால்கனித் தொட்டியில் நான் ரோஜாக் கிளையை வளைத்து மண்ணுக்குள் அழுத்திப் பதியம் போடுகிறேன். கல்லும் டைல்ஸும் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும், அதற்கு வேலை தெரிந்த கை போதும். பதியம் அப்படியில்லை. கிளைக்கே மனசு வந்து வேர் விட்டால்தான் உண்டு. அதுவரை தோண்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும். அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது. வேர் வந்துவிட்டதா என்று தோண்டித் தோண்டிப் பார்த்தே நாலைந்து கிளையைச் சாகடித்திருக்கிறேன். என் குரல் கல்லா, கிளையா?

அவரிடம் கேட்டால் சோபாவைச் சொன்னார். "ஸ்பிரிங்கை உள்ள வெச்சுத் தெச்சுட்டா சோபா ஆயிடுமா? ஆள் உட்காரணும். உட்கார்ந்து உட்கார்ந்துதான் பதியும்." இதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு என்னமோ எங்கள் இரண்டு பேருக்கும் புதிதாகக் கல்யாணம் ஆன மாதிரி இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புண் ஆறுகிற வரைக்கும் மெஷினை மாட்டக்கூடாது என்றார்கள். அந்த நாட்களில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் என்ன சொல்வது? கூண்டுக்குள் உட்கார்ந்து, வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் இதே யோசனை. நடைமேடையை மாற்றிச் சொல்லி, ஒரு கூட்டமே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. கடைசியில் ஒன்றை முடிவு செய்தேன். 'என்னங்க, நான்தான்.' அவ்வளவு போதும்.

மெஷின் மாட்டுகிற அறை சின்னது. சுவரெல்லாம் மெத்தை மாதிரி துணி ஒட்டியிருந்தது. இவர் உள்ளே போனதும் பழக்கத்தில் அதை விரலால் அழுத்திப் பார்த்து, "மட்டமான ஃபோம்" என்று தீர்ப்பு சொன்னார். மெஷினை மாட்டி அளவு வைக்கிற ஆடியாலஜிஸ்ட் சின்னப் பெண். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் குரல் வீட்டு மனுஷர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று, மெஷினைப் போட்டதும் அவள் வாயைத் திறக்க மாட்டாள். எல்லாம் சின்னப் பலகையில் எழுதிக் காட்டுவாள். நாத்தனாரையும் வாயைத் திறக்கக்கூடாது என்று உட்கார வைத்திருந்தாள். அதுதான் அன்றைக்கு நடந்த பெரிய அதிசயம் என்று நினைத்துக்கொண்டேன்.

காந்தம் 'டப்' என்று போய் ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். அவர் புருவம் உயர்ந்தது. "ஏதோ உஸ்ஸுன்னுது" என்றார். அந்தப் பெண் மின்விசிறியைக் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேரே உட்கார்ந்தேன். இத்தனை நாள் சேர்த்து வைத்ததைச் சொன்னேன். என்னங்க, நான்தான். கேக்குதா?

அவர் என்னையே பார்த்தார். "கேக்கலையேம்மா" என்றார்.

மறுபடி சொன்னேன். "கேக்கல" என்றார். முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பெண் பதறிப்போய் வயரைப் பிடுங்கி மாட்டினாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அளவைக் கூட்டினாள். நான் மூன்றாவது முறையும் சொன்னேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவ்வளவுதான், கம்பி சரியாகப் பதியவில்லை, மண்டையில் ஓட்டை போட்டது வீண், கனவிலும் இனிமேல் வரப்போவதில்லை.

அதற்குமேல் நாத்தனாரால் தாங்க முடியவில்லை. "ஐயோ என் தம்பீ!" என்று ஒரு குரல் வைத்தாள்.

அவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். "யாருய்யா அது, தகரத்தைப் போட்டு இழுக்கறது?"

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். வாயில் கை வைத்துக்கொண்டு சொன்னாள், "மேடம், நீங்க சத்தமே போடலை மேடம்."

நான் பேசினேன் என்றுதான் சத்தியமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நேரே உட்கார்ந்தால் என் தொண்டை தானாக அடைத்துக்கொள்ளும் என்று எனக்கே தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார் அழுகையும் சிரிப்புமாக, "ஊருக்கெல்லாம் கத்தறா, புருஷனுக்கு மட்டும் சிக்கனம்!" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆத்திரமும்தான். அவர் கேட்ட முதல் குரல் என்னுடையதாக இருக்க வேண்டியது. நாத்தனாருடைய ஒப்பாரியாகப் போயிற்று.

தொண்டையைச் செருமிக்கொண்டு, சத்தத்தை வலுக்கட்டாயமாக இழுத்து வெளியே கொண்டுவந்தேன். "என்னங்க. நான்தான். கேட்கிறதா?"

வந்தது என்னவோ மைக் குரல். நடைமேடை எண் நான்கில் நிற்கிறேன் என்று சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நின்றது. "கேக்குது" என்றார் அவர், மரியாதையாக. விசாரணைக் கவுண்டரில் வழி கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் தலையாட்டுவார்களே, அப்படித் தலையாட்டினார்.

எங்களுக்குக் கல்யாணம் பேசி முடிக்க வந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. அப்போதே நான் அந்த நிலையத்தில்தான் வேலை. அவர் தினமும் அங்கேதான் வண்டி ஏறுவாராம். தனியாக நாலு வார்த்தை பேச விட்டபோது என்ன சொன்னார் தெரியுமா? "தினம் உங்க குரலைக் கேக்கறேன். ஆனா மைக்குல பேசறது நீங்க இல்ல. இப்பப் பேசறீங்களே, இதுதான் நீங்க. இது இன்னும் நல்லா இருக்கு." அதற்காகத்தான் இவரைக் கட்டிக்கொண்டேன். அதை அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

அதன் பிறகு வீட்டில் பாடம் ஆரம்பமானது. நான் செய்தித்தாளால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு சொல் சொல்ல வேண்டும், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். "கதவு." "கடுகு." "கதவுங்க!" "அதான் கடுகு." இப்படியே போகும். எல்லாக் குரலும் வாத்து கத்துகிற மாதிரி இருக்கிறது, ஆண் எது பெண் எது என்றே தெரியவில்லை என்பார். பொறுத்துக்கொள்ளுங்கள், மூளை பழக வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். பொறுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் குழாய் சொட்டுகிற சத்தம் பிடிபட்டது. பால்காரரின் சைக்கிள் மணி பிடிபட்டது. பட்டறையிலிருந்து வரும்போது காதுக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு குட்டி ஆணி ஒட்டிக்கொண்டிருக்கும், அதை நான் தட்டிவிட்டால் கீழே விழுகிற 'டிங்' பிடிபட்டது. அப்புறம் ஒரு நாள் வாசலில் யாரோ தும்மினார்கள். "அக்கா வந்திருக்கா" என்று எழுந்து போய்க் கதவைத் திறந்தார். நாத்தனாரேதான்! அவள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். தும்மலே அடையாளம் தெரிகிறது! மகள் போனில் "அப்பா" என்ற உடனே, "என்னடா தங்கம், சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார். டிவியில் செய்தி வாசிக்கிறவளைக்கூட அவருக்குத் தெரிகிறது.

என்னைத் தெரியவில்லை.

பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால், "யாரோ வந்திருக்காங்க பாரு" என்பார். கண்ணை மூடிக்கொண்டு யார் என்று சொல்லுங்கள் என்றால், "டிவியா?" என்பார். நான் விடவில்லை. காலையில் சோதித்தேன், மாலையில் சோதித்தேன், சாப்பிடும்போது செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துச் சோதித்தேன். "அம்மா, நீ மறுபடியும் தோண்டித் தோண்டிப் பார்க்கறே. ரோஜா கதைதான் ஆகப்போகுது" என்று மகள் போனில் திட்டினாள். அவளுக்கென்ன, அவளைத்தான் தெரிந்துவிட்டதே!

வாய்விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பொறாமைதான். பால்காரர் சைக்கிள் மேல் பொறாமைப்பட்ட ஒரே பெண்டாட்டி உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். ஆனால் அதற்கு அடியில் கிடந்தது வேறு. வீட்டுக்குள் காலெடுத்து வைத்து, நான் "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும், உள்ளேயிருந்து "வா" என்று பதில் வர வேண்டும். முகத்தைப் பார்க்காமல், உதட்டைப் பார்க்காமல், அது நான் என்று தெரிந்து வருகிற ஒரு "வா". எல்லா வீட்டிலும் யாரும் கவனிக்காமல் நடக்கிற இந்தச் சின்ன விஷயத்துக்காக நான் ஏங்கிப்போயிருந்தேன்.

ஒரு நாள் கூண்டிலிருந்து வீட்டுக்கு போன் போட்டேன். பட்டறை விடுமுறை, வீட்டில்தான் இருப்பார் என்று தெரியும். மகள் போனையெல்லாம் எடுத்துப் பேசுகிறாரே, நானும் பார்த்துவிடுகிறேன் என்று ஒரு வேகம்.

"ஹலோ" என்றார்.

"என்னங்க, நான்தான்" என்றேன், நிறுத்தி நிதானமாக.

"யாரு?"

"நான்தாங்க."

"நான்தான்னா யாரும்மா? எந்த ஆபீஸ்லேருந்து பேசறீங்க?"

"தவறான நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். "பரவாயில்லைம்மா" என்றார் அவர், தங்கமான குணத்தோடு. எதிரில் மைக் இருந்தது. அதன் தலையில் இருக்கிற ஃபோம் உறை அவர் செய்து கொடுத்தது. பழசு கிழிந்தபோது சோபாவுக்கு வெட்டியதில் மிச்சம் எடுத்து, அளவு பார்த்து, பிசிறில்லாமல் வெட்டித் தந்தார். என் குரல் கேட்காத காலத்தில் என் குரலுக்குச் செய்து கொடுத்த உறை அது. அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த வண்டியை அறிவித்தேன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்குப் போகும்போது விளக்கு போடுகிற நேரம். அவர் ஜன்னலுக்குக் கீழே நின்று தட்டு கழுவிக்கொண்டிருந்தார். மத்தியானத் தட்டு, இந்நேரத்துக்கு. கொஞ்ச நாளாகவே செய்கிற மாதிரி தலையில் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். தண்ணீர் படும் என்பதால் தொட்டிக்குப் போகும்போது மெஷினைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். அலமாரியை நான் பார்க்கவில்லை. பார்க்கிற நிலைமையில் இல்லை. பையை மேஜையில் போட்டேன், நாற்காலியில் விழுந்தேன், அந்த முதுகைப் பார்த்தேன். ஆபரேஷனுக்கு அப்புறம் நான் முதுகோடு பேசவே இல்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"யோவ். எந்த ஆபீஸ்னா கேக்கறே? எந்த ஆபீஸ்? உன் அக்கா தும்மினா தெரியுது. ஆணி விழுந்தா தெரியுது. பால்காரன் சைக்கிள் தெரியுது. நான் யாருய்யா உனக்கு? கட்டினவதானே? மறந்துட்டேன்னு நீ சொன்ன அன்னைக்கே எனக்கு உசிரு போயிடுச்சு. இருந்தும், சரி, மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கலாம்னு தினம் பேப்பரைத் தூக்கிப் பிடிச்சுக் கதவு, கடுகுன்னு கத்திட்டிருக்கேன். எனக்கு ஒண்ணும் பெரிசா வேண்டாம்யா. வந்துட்டேன்னு சொன்னா வான்னு சொல்லு. அது போதும். ஒரு தடவை... ஒரே ஒரு தடவை திரும்பிப் பாரேன்யா."

தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. அவர் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"வா" என்றார்.

கண்ணெல்லாம் தண்ணீர். தலையில் கட்டியிருந்த துண்டை விலக்கிக் காட்டினார். காதுக்குப் பின்னால் மெஷின் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ரொட்டி வாங்கி வந்த பிளாஸ்டிக் பையைக் கத்தரித்துச் சுற்றி, தண்ணீர் படாமல் பொத்தி வைத்திருந்தார்.

"பேப்பருக்குப் பின்னாடி யாரோ பேசறாங்கம்மா" என்றார். "ரொம்ப நல்லாப் பேசறாங்க. ஆனா அது நீ இல்ல. எனக்குத் தெரியும் நீ எங்க பேசுவேன்னு. அதான் ஒரு மாசமா இதை மாட்டிட்டு இங்க வந்து வந்து நிக்கறேன். நீ வாயே திறக்க மாட்டேங்கறே. கழுவறதுக்குத் தட்டு இல்லாம, கழுவின தட்டையே கழுவிட்டிருக்கேன்."

எனக்குப் புரிய நேரமாயிற்று. "நான் இங்க பேசறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஜன்னலைக் காட்டினார். வெளியே இருட்ட ஆரம்பித்திருந்தது. கண்ணாடியில் சமையலறை முழுசாகத் தெரிந்தது. மேஜை, விளக்கு, நாற்காலியில் நான்.

"மொத நாள்லேருந்து தெரியும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாமே இதுல தெரியும். நீலச் சட்டை, மழைத் துணி, எங்க அக்கா, எல்லாம்." சிரித்தார். "யோவ்னு சொல்லும்போது உன் வாய் அழகா இருக்கும்."

"அடப்பாவி மனுஷா! அப்ப திரும்பிப் பார்க்க வேண்டியதுதானே? எத்தனை வருஷமா ஒரே கேள்வியைக் கேக்கறேன்!"

"திரும்பினா நிறுத்திடுவியே" என்றார். "என்னைப் பார்த்துப் பேசும்போது உன் தொண்டை அசையாது. என் முதுகைப் பார்த்துப் பேசும்போது கழுத்து நரம்பு புடைக்கும். சத்தமாப் பேசறேன்னு தெரியும். எனக்குக் கேக்கல, சரி. ஆனா வீட்டுக்குள்ள உன் குரல் இருந்துச்சுல்ல? அதை எப்படிம்மா திரும்பி நின்னு நிறுத்தறது?"

எத்தனை தட்டுகள், எத்தனை பூப்போட்ட டிசைன். கை ஊறிப்போய் வெளுத்து நிற்கிற வரைக்கும் நின்றிருக்கிறார், காதில் விழாத ஒன்றுக்கு இடம் விட்டுக்கொண்டு.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "வாத்து மாதிரியா?"

"கொஞ்சம் வாத்துதான். ஆனா என் வாத்து." ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "யோவ்னு ஆரம்பிச்சே பாரு, அங்கயே வந்துடுச்சு. பழசு, புதுசு, எல்லாம் ஒண்ணா வந்துடுச்சு. இன்னொரு தடவை சொல்லு."

நான் அவர் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தேன். பழக்கதோஷம், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றேன். தொண்டையில் மைக் குரல் வந்து தயாராக நின்றது. வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவர் எழுந்து போய்த் தொட்டிக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குழாயைத் திறக்கவில்லை. சுத்தமான ஒரு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ம், வா" என்றார்.

இந்த முறை நான் முதுகைப் பார்க்காமல் அந்த ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் அவர் முகம் தெரிந்தது. காத்துக்கொண்டிருந்தது.

"யோவ்" என்றேன்.